கோவா சோரிஸ்: எதை வாங்கலாம், எப்படிச் சமைக்கலாம்

கோவாவின் பன்றி இறைச்சி சாசேஜான சோரிஸை முதன்முறை வாங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வாணலியில் எண்ணெயைக் காயவைத்து, சிக்கன் சாசேஜைப் போல வட்டமாக நறுக்கிப் போட்டு வறுத்துவிடுகிறார்கள். மூன்றாவது நிமிடமே மசாலா கருகி, இருமல் வரும் அளவுக்கு நெடி கிளம்பும். இறைச்சித் துண்டு வெளியே கறுத்து உள்ளே ரப்பராக நிற்கும். வாயில் போட்டால் உப்பு, புளிப்பு, காரம் மூன்றும் சேர்ந்து நாக்கைப் பிடிக்கும். இதைப் போய் கோவாக்காரர்கள் இப்படிக் கொண்டாடுகிறார்களே என்று மீதியைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். பொருளின் மேல் குற்றமில்லை. அதை நடத்திய விதம்தான் தவறு.

சோரிஸை ஊறுகாயாக நினைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். உப்பிலும் மிளகாயிலும் கள்ளு வினிகரிலும் ஊறி, வெயிலில் சுண்டி, புகையில் உலர்ந்த பன்றி இறைச்சி அது. நாலு பேருக்கு ஆட்டுக்கறி என்றால் முக்கால் கிலோ எடுப்போம். அதே நாலு பேருக்குச் சோரிஸ் 200 கிராம் தாராளம். வெங்காயம், உருளைக்கிழங்கு, அரிசி, பயறு என்று தானாகச் சுவை குறைந்த ஒன்றோடு சேர்த்து, அதற்கு உப்பும் காரமும் கொழுப்பும் கொடுக்கவே இது பயன்படுகிறது. இப்படிப் பார்த்தால், இந்தியாவில் கிடைக்கும் சாசேஜ் வகைகளில் சமையலுக்கு இதைவிடக் கெட்டிக்காரப் பொருள் வேறில்லை என்பது எங்கள் முடிவு. எண்ணெய், மசாலா, பூண்டு விழுது, புளிப்பு, இறைச்சி ஐந்தும் ஒரே உருண்டைக்குள் இருக்கின்றன.

உள்ளே இருப்பது என்ன

நல்ல சோரிஸில் பன்றியின் தோள் அல்லது தொடைச் சதையும் கெட்டிக் கொழுப்பும் கையால் அரிந்த துண்டுகளாக இருக்கும். துண்டு ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. சதை மூன்று பங்கு, கொழுப்பு ஒரு பங்கு என்றிருந்தால் சமைக்க வசதி. அரிந்த இறைச்சியில் கல்லுப்புப் போட்டுப் பிசிறி, மேலே கனமான கல்லை ஏற்றி ஓர் இரவு வைப்பார்கள். சதையில் இருக்கும் நீர் வடிந்துவிடும். பிறகு கொஞ்சம் வெயில். காஷ்மீர் மிளகாய், பூண்டு, இஞ்சி, சீரகம், மிளகு, மஞ்சள், கிராம்பு, பட்டை எல்லாவற்றையும் தென்னங்கள்ளில் செய்த வினிகர் விட்டு விழுதாக அரைத்து, அதில் இரண்டு மூன்று நாள் ஊறவைப்பார்கள். அரைக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது. பட்டால் அந்த இடத்தில் புளிப்பும் உப்பும் நீர்த்து, கெடுவது அங்கிருந்துதான் தொடங்கும். சிலர் ஒரு கை ஃபெனி என்ற கோவாச் சாராயமும் தெளிப்பார்கள். சிலர் சிட்டிகை வெடியுப்புச் சேர்ப்பார்கள். இறைச்சியின் சிவப்பு மங்காமல் காப்பதும், காற்றுப் புகாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமிகளைத் தடுப்பதும் அதன் வேலை. அளவு மீறினால் அதுவே கெடுதல் என்பதால் வீட்டில் கண்ணளவில் போடக்கூடாத பொருள் அது. ஊறியதைக் குடல்தோலில் திணித்து, நூலால் இறுக்கி, வெயிலிலும் அடுப்புப் புகையிலும் தொங்கவிடுவார்கள்.

போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்தது 1510இல். அவர்கள் ஊரின் சொரிசோ என்ற சாசேஜில் பூண்டும் ஒயினும் சிவப்பு மிளகாய்ப்பொடியும் இருக்கும். இங்கே ஒயினுக்கு ஈடாகத் தென்னங்கள்ளு வினிகர் வந்தது. மிளகாயை அவர்களே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்தார்கள். கிராம்பும் பட்டையும் மிளகும் இந்தப் பக்கத்துச் சரக்கு. 1961இல் அவர்கள் ஆட்சி போனது, சோரிஸ் போகவில்லை. தமிழுக்கும் இதில் ஒரு சின்ன ஒட்டு உண்டு: இலங்கைத் தமிழர் சொல்லும் பாண், வினாகிரி இரண்டும் அதே போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொற்கள். கோவாவில் பாவ் என்பதும் யாழ்ப்பாணத்தில் பாண் என்பதும் ஒரே ரொட்டியின் பெயர்தான். இலங்கையில் லிங்குஸ் என்று ஒரு காரமான பன்றி சாசேஜ் இருக்கிறதே, அதுவும் இந்தச் சோரிஸுக்கு ஒன்றுவிட்ட உறவு.

இது மழைக்காலத்துக்கென்று சேமிக்கும் பண்டம் என்பதை மறக்கக்கூடாது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. கடலும் கொந்தளிக்கும். அந்த மாதங்களுக்காக மே மாத வாக்கில் கருவாடு, மிளகாய், உப்பு, வினிகர், சோரிஸ் எல்லாம் வாங்கி நிரப்பி வைப்பதைப் புருமெந்த் என்பார்கள். கோவாவின் மட்காவில் பரிசுத்த ஆவி தேவாலயத் திருவிழாவை ஒட்டி நடக்கும் புருமெந்த் சந்தை பெயர் பெற்றது. வெயில் காயும் காலத்தில் செய்து உலர்த்தியதுதான் முறையான சோரிஸ். ஆகையால் ஜூலை மழையில் யாராவது "நேத்துப் போட்டது, புதுசு" என்று மெத்தென்ற சோரிஸ் மாலையை நீட்டினால் யோசியுங்கள். வெயில் இல்லாத நாளில் அது எங்கே காய்ந்தது? மழைக்காலத்தில் பழைய, கெட்டியான சரக்குதான் நம்பகமானது.

வாங்கும்போது

சந்தையில் மூன்று வடிவத்தில் கிடைக்கும். மூன்றும் ஒன்றல்ல.

முதலாவது ஜெபமாலைச் சோரிஸ். கோலிக்குண்டு அளவு உருண்டைகள், இரண்டுக்கு நடுவில் நூல் முடிச்சு, மாலை மாலையாகத் தொங்கும். மாப்புசாவின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு வரிசையே இதற்கு உண்டு. மட்காவ், பணஜி சந்தைகளிலும் கிடைக்கும். எடை போட்டு விற்பதைவிட மணி எண்ணி விற்பதே வழக்கம். அதனால் இரண்டு கடையின் விலையை ஒப்பிடும்போது உருண்டையின் அளவையும் பார்க்க வேண்டும். விலை குறைவாகத் தெரிகிற மாலையில் மணிகள் பட்டாணிபோல் சிறுத்திருக்கலாம். சிறிய உருண்டை என்பதால் நடு வரைக்கும் நன்றாகக் காய்ந்திருக்கும், புகை மணமும் கூடுதல். சுவையில் முதலிடம் இதற்குத்தான். சிரமம் என்னவென்றால், சமைக்கும்போது ஒவ்வொன்றையும் நூல் பிரித்து, தோல் உரித்து எடுக்க வேண்டும்.

இரண்டாவது, கட்டை விரல் பருமனில் இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு வரும் பெரிய கண்ணிகள். ஒரு கீறல் கீறினால் மசாலா முழுதும் வெளியே வந்துவிடும். வேலை குறைவு. நடுப்பகுதி அவ்வளவாகக் காயாததால் ஈரமும் வினிகரும் தூக்கலாக இருக்கும். புலாவுக்கும் பாவில் வைத்துத் தின்பதற்கும் இது பொருந்தும். மாதக்கணக்கில் வெளியே தொங்கவிட்டு வைக்க இது ஆகாது.

மூன்றாவது, தோலே இல்லாமல் பையில் அடைத்த உதிரிச் சோரிஸ். உண்மையைச் சொன்னால் இது மசாலாவில் ஊறிய இறைச்சி மட்டுமே. காயவும் இல்லை, புகையும் படவில்லை. வேலைக்குப் போகிற வீட்டில் அவசரத்துக்கு உதவும், விலையும் அடக்கம். ஆனால் ஜெபமாலைச் சோரிஸின் ஆழமான மணத்தை இதில் தேடாதீர்கள். காயாதது என்பதால் 250 கிராமில் நீரின் பங்கு அதிகம். மாலையாகக் கோத்த சோரிஸுக்குச் சொன்ன சமையல் குறிப்பில் இதைப் போட்டால் ஒன்றரை மடங்கு தேவைப்படும். வெற்றிடப் பையில் வருவதை வாங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண், அடைத்த தேதி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பை உப்பியிருந்தால் தள்ளிவிடுங்கள், பேரம் வேண்டாம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது நான்கைந்து விஷயங்கள் போதும். நிறம் அடர் செம்பழுப்பாக, காய்ந்த மிளகாய் வற்றல்போல இருக்க வேண்டும். குங்குமச் சிவப்பில் பளபளத்தால் சாயமாக இருக்க வாய்ப்புண்டு. சந்தேகம் வந்தால் ஓர் உருண்டையை வீட்டில் வெந்நீரில் உடைத்துப் பாருங்கள். மிளகாயின் சிவப்பு கொழுப்பில்தான் கரையும், நீரில் கரையாது. நல்ல சோரிஸில் நீர் கலங்கலாகி, மேலே சிவந்த எண்ணெய்த் திட்டுகள் மிதக்கும். நீரே ரோஸ் நிறமாகத் தெளிந்து நின்றால் அது கலர்ப்பொடி.

அழுத்திப் பார்த்தால் கெட்டியாக, லேசாக மட்டும் கொடுக்க வேண்டும். தோலுக்கும் உள்ளே இருப்பதற்கும் இடையில் காற்று இருக்கக்கூடாது. திணிக்கும்போது விட்ட காற்றுப்பைதான் பூஞ்சைக்கு வீடு. முகர்ந்தால் வினிகரும் பூண்டும் புகையும் முன்னே வர வேண்டும். பழைய எண்ணெயின் சிக்கு வாடை வந்தால் கொழுப்புக் காறிவிட்டது என்று பொருள், எத்தனை வெங்காயம் போட்டாலும் அது மறையாது. தோலின் மேல் மாவு தூவினாற்போல் வெள்ளைப் படிவு மட்டும் இருந்தால், உலர்ந்த பழைய சரக்கில் அது வழக்கம்தான்; வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். பச்சையோ கறுப்போ படர்ந்திருந்தாலும், பிசுபிசுவென்று நூல் விட்டாலும் வாங்கக்கூடாது.

பழக்கமான விற்பனையாளர் என்றால் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லலாம். வெள்ளைக் கொழுப்பும் சிவந்த சதையும் தனித்தனித் துண்டுகளாகத் தெரிய வேண்டும். எல்லாம் கூழாக இருந்தால் இயந்திரத்தில் அரைத்தது, வேகும்போது கரைந்துவிடும். முக்கால்வாசி கொழுப்பாக இருந்தால் சட்டியில் எண்ணெய்தான் மிஞ்சும்.

அடிப்படைச் சமையல்

எந்தப் பதார்த்தம் செய்தாலும் தொடக்கம் ஒன்றே. முதலில் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். நீர் வற்றியபின் அதன் கொழுப்பிலேயே வதங்க வேண்டும். வெளியே எண்ணெய் எதுவும் வேண்டாம், உப்பும் வேண்டாம்.

சோரிஸ் 250 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கண்ணி என்றால் நீளவாக்கில் கீறித் தோலை உரித்துவிடலாம். ஜெபமாலை உருண்டை என்றால் பச்சையாக உரிக்க மல்லுக்கட்ட வேண்டாம்; பத்து நிமிடம் வெந்நீரில் போட்டால் தோல் இளகிவிடும், நூல் பக்கம் கிள்ளிப் பிதுக்கினால் போதும். உரித்த நூல்களை எண்ணி ஒரு கிண்ணத்தில் போடுங்கள். குழம்புக்குள் மறைந்த நூல் குழந்தையின் தொண்டையில் சிக்கும். ஊறிய அந்த நீரைக் கொட்ட வேண்டாம், அதுவே வேகவைக்கும் நீர்.

மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் சோரிஸும் ஒன்றரை டம்ளர் நீரும், அதாவது 300 மில்லி, சேர்த்து மூடி, சிறு தீயில் 20 நிமிடம். இரும்பு வாணலியும் வெறும் அலுமினியமும் வேண்டாம். வினிகர் உலோகத்தோடு வேலை செய்து நாக்கில் துருச் சுவை தட்டும். குக்கரும் தேவையில்லை. மூடிய குக்கரில் வினிகரின் ஆவி வெளியேற வழியில்லை, புளிப்பு நெடி உள்ளேயே அடங்கி நிற்கும், நீரும் வற்றாது. 20 நிமிடம் கழித்து மூடியைத் திறந்து தீயைக் கொஞ்சம் கூட்டுங்கள். நீர் வற்ற எட்டுப் பத்து நிமிடம் ஆகும். காது கொடுத்துக் கேட்டால் தெரியும்: தளதளவென்ற கொதி அடங்கி, சுரீரென்று பொரிகிற ஓசை தொடங்கும். அப்போது சட்டியின் ஓரத்தில் தெளிந்த சிவப்புக் கொழுப்பு பிரிந்து நிற்கும். அந்த நொடியிலிருந்து இரண்டு நிமிடத்துக்குமேல் விடாதீர்கள். மிளகாயும் பூண்டும் கருகத் தொடங்குவது அங்கேதான்.

இது பச்சை இறைச்சி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்பெயினின் உலர்ந்த சொரிசோவை மெல்லிசாகச் சீவி அப்படியே தின்பதைப் பார்த்துவிட்டு இதையும் அப்படித் தின்னக்கூடாது. வினிகரும் வெயிலும் பன்றி இறைச்சியில் இருக்கக்கூடிய நாடாப்புழுவின் இளம்புழுப் பைகளைக் கொல்லும் என்று நம்ப முடியாது. நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். மேற்சொன்ன முறையில் அது தானாகவே நடந்துவிடும்.

வெங்காயமும் உருளையும்

கோவா வீடுகளிலும் சிறு உணவகங்களிலும் அதிகம் செய்வது சோரிஸ் சில்லி ஃப்ரை. 250 கிராம் சோரிஸுக்கு நான்கு பெரிய வெங்காயம், இரண்டு நடுத்தர உருளைக்கிழங்கு, கீறிய பச்சை மிளகாய் ஒன்று. வெங்காயம் குறைந்தால் பதார்த்தம் விழுந்துவிடும். அதன் இனிப்புதான் வினிகரின் புளிப்பையும் உப்பின் கூர்மையையும் மழுக்குகிறது. எடைக்கு எடை ஒன்றரைப் பங்கு வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கைச் சோரிஸோடு சேர்த்து வேகப் போடுவதுதான் இங்கே பலரும் செய்யும் பிழை. அரை மணி நேரம் ஆனாலும் கிழங்கு நறுக்கு நறுக்கென்று நிற்கும். காரணம் புளிப்பு. காய்கறியின் திசுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் இளகாது. புளி ஊற்றியபின் போட்ட கிழங்கு குழம்பில் வேக மறுப்பதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம், அதே கதைதான். கிழங்கைத் தனியாக உப்பில்லாத நீரில் முக்கால் பதம் வேகவைத்து, கொழுப்புப் பிரிந்தபின் வெங்காயத்தோடு சேருங்கள். வெங்காயம் கண்ணாடியாகி ஓரம் மட்டும் சிவக்க எட்டு நிமிடம் போதும். எல்லாம் முடிந்தபின் ஒரு கிழங்குத் துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு உப்பை முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

இதையே கிழங்கில்லாமல் கொஞ்சம் ஈரமாக இறக்கி ரொட்டிக்குள் வைத்தால் சோரிஸ் பாவ். ஒரு பாவுக்குச் சமைத்த கலவை 50 கிராம். ரொட்டி விஷயத்தில் தமிழ்நாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பேக்கரி பன் இனிப்பு. சோரிஸோடு அது சேரவே சேராது, காரமும் சர்க்கரையும் தனித்தனியாக நிற்கும். கோவாவில் பொதேர் எனப்படும் ரொட்டிக்காரர் சைக்கிளில் கொண்டுவரும் போயி, தவிடு கலந்த, உள்ளே பை போல் திறக்கிற ரொட்டி. கொழுப்பை உறிஞ்சியும் நனைந்து கிழியாது. அது கிடைக்காத ஊரில் இனிப்பில்லாத பாவ், இலங்கையின் ரோஸ் பாண், மொறுமொறு மேலோடு கொண்ட எந்த ரொட்டியும் சரி. ரொட்டியின் உட்பக்கத்தைச் சட்டியில் மிஞ்சிய கொழுப்பில் அரை நிமிடம் கவிழ்த்து வைத்து எடுங்கள். தக்காளி சாஸ், மயோனைஸ் எதுவும் அதன்மேல் வேண்டாம்.

அரிசி, பயறு

புலாவுக்கு 200 கிராம் சோரிஸ், 400 கிராம் பாஸ்மதி. அரிசியை 20 நிமிடம் ஊறவைத்து வடியுங்கள். சோரிஸை இரண்டு டம்ளர் நீரில் 15 நிமிடம் வேகவைத்து, நீரைத் தனியே வடித்து வையுங்கள். அதே பாத்திரத்தில் சோரிஸைத் திரும்பப் போட்டுக் கொழுப்புப் பிரிந்ததும் இரண்டு வெங்காயம், பிறகு அரிசி. அரிசி ஒவ்வொன்றிலும் சிவப்பு ஏறும்வரை இரண்டு நிமிடம் மெல்லப் புரட்டுங்கள். வடித்த நீரோடு வெந்நீர் சேர்த்து, அரிசி ஒரு கப்புக்கு நீர் ஒன்றரைக் கப் என்ற கணக்கில் ஊற்றவும். ஊற்றும் முன் அந்த நீரைச் சுவைத்துப் பாருங்கள். ரசத்தைவிட ஒரு பங்கு தூக்கலான உப்பு இருந்தால் சரியான அளவு. மூடிச் சிறு தீயில் 12 நிமிடம், தீயை அணைத்துப் பத்து நிமிடம் அப்படியே. பட்டை, கிராம்பு, ஏலக்காய் என்று மறுபடி தாளிக்க வேண்டாம், எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கோழி ஸ்டாக் கட்டி போட்டால் உப்பு எல்லை மீறும். அடிப்பிடிப்பதுதான் இந்தப் புலாவின் பெரிய தொல்லை. கரைந்த மசாலா கீழே படிந்து கருகுவதால் அப்படி ஆகிறது. அடிகனத்த பாத்திரமும், நீர் கொதித்தவுடன் தீயைக் குறைப்பதும்தான் மருந்து. நடுவில் திறந்து கிளறினால் அரிசி உடைந்து இன்னும் ஒட்டும்.

பயறோடு செய்யும் ஃபெய்ஜ்வாதாவுக்கும் உருளைக்கிழங்குக்குச் சொன்ன அதே சட்டம், இன்னும் கடுமையாக. பயறு மசிய வெந்தபிறகே சோரிஸ். முன்னாடி போட்டால் தோல் இறுகி, விடிய விடிய வெந்தாலும் கல்லாகவே இருக்கும். ராஜ்மா 200 கிராம் எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, புது நீரில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். பச்சை ராஜ்மாவில் வயிற்றைக் கலக்கும் நச்சு ஒன்று இருக்கிறது, அது கொதியில்தான் அழியும். பிறகு குக்கரில் வேகவைத்து, தனியே கொழுப்புப் பிரித்துவைத்த 150 கிராம் சோரிஸையும் வதக்கிய வெங்காயத்தையும் சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தேங்காய்ப்பால் சேர்ப்பதானால் கடைசியில் அரை டம்ளர், சிறு தீயில், நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். புளிப்பும் கொதியும் சேர்ந்தால் பால் திரிந்துவிடும். கோவாவில் அல்சாந்தே என்ற பெரிய காராமணி வகையிலும் இதைச் செய்வார்கள். நம் ஊர் வெள்ளைக் காராமணி அந்த இடத்தை அழகாக நிரப்பும், ராஜ்மாவைவிடச் சீக்கிரமும் வேகும்.

நம் சமையலறையில் இதற்கு ஏற்ற துணை என்றால் மரவள்ளிக்கிழங்கு. நாகர்கோவில் பக்கம் மீன்குழம்புக்குச் செய்வதுபோல அவித்து மசித்த கிழங்கில் கொழுப்போடு சோரிஸைக் கிளறினால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். புளிக்குழம்பில் போடுவது வீண், புளிப்பின்மேல் புளிப்பு. கரம் மசாலா, சாம்பார்பொடி, சோம்பு எதுவும் இதன் பக்கம் வர வேண்டியதில்லை.

மாற்றும் காப்பும்

சோரிஸ் கிடைக்காதபோது என்ன போடலாம் என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. ஸ்பெயின் சொரிசோவில் புகையேற்றிய மிளகாய்ப்பொடி உண்டு, வினிகரின் உதைப்பு இல்லை. புலாவுக்கு அதைப் போட்டால் ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்க்க வேண்டும். சீனத்து லாப்சியோங் என்ற சாசேஜ் இனிப்பாக இருக்கும், இந்தச் சமையலுக்கு ஒத்துவராது. சிக்கன் சாசேஜ் ஏற்கெனவே வெந்த, மாவாக அரைத்த பொருள். அதிலிருந்து கொழுப்போ மசாலாவோ வெளியே வராது. அதைவிட, கையால் பொடியாக அரிந்த பன்றி இறைச்சியை மேலே சொன்ன மசாலாவில் வினிகர் விட்டு அரைத்து ஒரு நாள் குளிர்பெட்டியில் ஊறவைத்துச் சமைப்பதே நல்ல மாற்று. வெயிலும் புகையும் தந்த சுவை வராது. புளிப்பும் காரமும் வரும்.

வாங்கியதை வைத்துக்கொள்ளும் விதத்திலும் கவனம் தேவை. நன்றாகக் காய்ந்த சோரிஸ் மாலையைக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடலாம். சென்னை, தூத்துக்குடிபோல் ஈரக்காற்று அடிக்கும் ஊரில் அதை நம்ப வேண்டாம், குளிர்பெட்டியே சரி. பிளாஸ்டிக் பையில் நேராகப் போட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். காகிதத்தில் சுற்றி, மூடி உள்ள டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் பால், தயிர், வெண்ணெய் எல்லாவற்றிலும் பூண்டு மணம் ஏறிவிடும். உதிரிச் சோரிஸ் வாங்கினால் 200 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து உறைபெட்டியில் போட்டுவிடுங்கள்.

கோவாவின் வாஸ்கோவிலிருந்து வேளாங்கண்ணிக்கு ரயில் ஓடுகிறது, கோவாவிலிருந்து திருத்தலத்துக்கு வருகிறவர்கள் அதில் நிறைய. தெரிந்தவர் யாரும் அதில் வந்தால் கொண்டுவரச் சொல்லலாம். செய்தித்தாளில் இரண்டு சுற்று, அதன்மேல் துணிப்பை, துணிமணிகள் உள்ள பெட்டியில் மட்டும் வைக்கக்கூடாது. ஒரு நாள் பயணத்தைக் காய்ந்த சோரிஸ் மாலை தாங்கும், உதிரி தாங்காது. வெளிநாட்டுக்கு எடுத்துப் போக நினைப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சுங்க விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இறைச்சிப் பொருளைப் பல நாடுகள் விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடும்.

அடிக்கடி சாப்பிடலாமா என்றால், கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகையில் சேர்த்தது. உப்பும் கொழுப்பும் வேறு. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு இது ஏற்ற பண்டமில்லை. மாதத்துக்கு ஒருமுறை, தட்டில் ஊறுகாயைவிடச் சற்றே கூடுதலான அளவில் என்று வைத்துக்கொண்டால் ஒரு சோரிஸ் மாலை நீண்ட நாள் வரும்.

சமைத்து முடித்தபின் சட்டியில் நிற்கும் சிவந்த கொழுப்பைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். சூடாக இருக்கும்போதே வடித்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். மறுநாள் காலை அதில் ஒரு தேக்கரண்டி காய்ந்ததும் நறுக்கிய சின்ன வெங்காயம் ஐந்தாறு போட்டு, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். உப்பு மட்டும் போட்டுவிட வேண்டாம்.